சொசேஜ் பணிஸும் ஒரு கொப்பிக் கணக்கும்



இப்போது யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், கேக்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சின்னப் பணிஸ்கள் இருக்கும். நடுவில் சொசேஜ், அதைச் சுற்றிக் கயிறுபோல் மா, மேலே முட்டை பூசிய மினுக்கம். கேக் வெட்டும் வரை பொறுத்திருக்கிற பிள்ளைகளுக்கும் அந்தத் தட்டைக் கண்டால் பொறுமை போய்விடும். பிறந்தநாளுக்கு மட்டுமல்ல, சாமத்தியச் சடங்கு, திருமணப் பதிவு, முன்பள்ளி ஒன்றுகூடல் என எல்லா இடத்திலும் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்துவிட்டது.

இதைச் செய்வது மிக இலகு. அதனால்தான் நான் வேலை செய்யும் பகுதிப் பெண்களுக்கான சுயதொழில் பயிற்சியில் 2023ஆம் ஆண்டு இதனையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு காலைப்பொழுதில் பழக்கிவிடலாம். பெரிய முதல் தேவையில்லை. ஓடரும் கிடைக்கும். பயிற்சி முடிந்தபோது எல்லோருடைய கையிலும் நல்ல பணிஸ் இருந்தது, சான்றிதழும் இருந்தது. என் அறிக்கையில் ‘வெற்றிகரமாக நிறைவேறியது’ என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பயிற்சிக்கு வந்த ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனபோதுதான் நான் பழக்காமல் விட்டது எது என்று தெரிந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. செய்முறையையும் தருகிறேன். இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.

மாவுக்குள் உள்ளீடு எங்களுக்குப் புதிதா?

உள்ளே ஒரு ருசியை வைத்து மாவால் மூடுவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆடிப்பிறப்புக்குப் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை அவிக்கிறோம். மோதகமும் சூசியமும் அந்த வகைதான். இதில் மா கோதுமை மாவாகவும் உள்ளீடு இறைச்சியாகவும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோதுமை மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பழக்கம் வெளியிலிருந்து வந்தது. நாங்கள் நாளாந்தம் சொல்லும் ‘பாண்’, ‘போறணை’, ‘குசினி’ ஆகிய மூன்று சொற்களுமே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் மட்டும் எங்கள் அடுப்படியில் தங்கிவிட்டன.

சொசேஜ் வந்தது மிகப் பிந்தி. அதற்குக் காரணம் உண்டு. சொசேஜுக்குக் குளிர் வேண்டும். குளிருக்கு மின்சாரம் வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. பல பொருட்களுக்குத் தடையும் இருந்தது. போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக்கு ஏது இடம்? நான் அந்தக் காலத்துப் பிள்ளை. 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர், கொழும்பிலிருந்து வந்த ஒரு மாமாதான் எனக்குச் சொசேஜைக் காட்டினார். 2006இல் அந்த வீதி மறுபடி மூடப்பட்டபோது சொசேஜை ஒருவரும் தேடவில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றோம்.

வேறு நாடுகளிலும் இது ஏழை பணக்காரர் பாராத பண்டம். இங்கிலாந்தில் இறைச்சிக் கலவையை மாத்தாளில் சுற்றிச் சுடுகிறார்கள். அமெரிக்காவில் சின்னச் சொசேஜை மாவில் சுற்றி, ‘போர்வைக்குள் பன்றிகள்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹொங்கொங் வெதுப்பகங்களில் இனிப்பான மாவைச் சுருளாகச் சுற்றிச் செய்கிறார்கள்; எங்கள் பணிஸ் பெரும்பாலும் அந்தச் சாயல்தான். சீனர்கள் தங்கள் உலர்ந்த சொசேஜை மாவில் சுற்றி ஆவியிலும் அவிப்பார்கள். போறணை இல்லாத எங்கள் வீடுகளுக்கு அது உதவும்.

செய்முறை (24 பணிஸ்)

தேவையான பொருட்கள்: கோதுமை மா 500 கிராம், உடன் ஈஸ்ட் மட்டமாக 2 தேக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, மாஜரின் 50 கிராம், முட்டை 1, இளஞ்சூடான பால் ஏறத்தாழ 225 மில்லிலீற்றர் (பால்மா கரைத்ததும் போதும்), கோழிச் சொசேஜ் 12, மேலே பூச இன்னொரு முட்டை, சிறிது எள்ளு.

முதலில் சொசேஜ். உறைந்த சொசேஜை முதல்நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். மேசையில் வெளியே வைத்து இளக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, சிறிது எண்ணெயில் கறிவேப்பிலையும் இடித்த செத்தல் மிளகாயும் போட்டு வதக்கிக் கடதாசியில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறாத சொசேஜைச் சுற்றினால் உள்மா களியாகிவிடும். ஈரம் இருந்தால் மா ஒட்டாமல் கழன்றுவிடும்.

மாவுடன் ஈஸ்ட், சீனி, உப்பு சேர்த்துக் கலந்து, முட்டையும் பாலும் விட்டுக் குழையுங்கள். மாவைப் பொறுத்துப் பால் சற்றுக் கூடக் குறையத் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். பின்னர் மாஜரினைச் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். விரலால் அமத்தினால் மா மெல்ல மேலே எழும்ப வேண்டும். ஈரத்துணியால் மூடி, இரு மடங்காகும் வரை வையுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் போதும். சித்திரை, வைகாசியில் பாலை இளஞ்சூடாக்கவே தேவையில்லை. அதிகம் பொங்கினால் புளிப்பு வாசம் வரும்.

பொங்கிய மாவை 35 கிராம் உருண்டைகளாகப் பிரியுங்கள். தராசு இல்லாவிட்டால் மாவை இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் பன்னிரண்டாக்குங்கள். ஒவ்வொரு உருண்டையையும் ஒரு சாண் நீளக் கயிறாக உருட்டி, சொசேஜைச் சுற்றி வாருங்கள். இரு நுனியும் வெளியே தெரியட்டும். மாவின் முடிவு அடிப்பக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுடும்போது சுருள் அவிழ்ந்துவிடும். தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, இன்னும் 20 நிமிடம் பொங்கவிட்டு, முட்டை பூசி எள்ளுத் தூவி, 180 பாகை செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் வரை சுடுங்கள்.

அவண் இல்லாதவர்களுக்கு

அவண் இல்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அடி தடித்த பெரிய பாத்திரத்தில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, மூடி, கால் மணித்தியாலம் சூடாக்குங்கள். உள்ளே ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் தட்டை வைத்து மூடினால் 20, 25 நிமிடத்தில் வெந்துவிடும். மேற்பக்கம் சிவக்க வேண்டுமென்றால் மூடியின் மேல் தணல் போடுங்கள். எங்கள் அம்மம்மா கேக் சுட்டது இப்படித்தான்.

ஆவியிலும் அவிக்கலாம். சிறு வாழையிலைத் துண்டுகளின் மேல் பணிஸை வைத்து இடியப்பத் தட்டில் அடுக்கி, 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள். மூடியைத் துணியால் கட்டினால் நீர் சொட்டாது. இதற்கு முட்டை பூச வேண்டாம்.

அவசரத்துக்கு இன்னொரு வழி: பாண் துண்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, உருளையால் தட்டையாக்கி, சொசேஜைச் சுற்றி, கரைத்த மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கலாம். அரை மணித்தியாலத்தில் ஒரு தட்டு நிறைந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் வெள்ளிக்கிழமை, நல்லூர்த் திருவிழாக் காலத்துக்கும், சோயாவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து அரைத்து, அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுதூள் சேர்த்து வதக்கி, விரல் பருமனில் பிடித்து உள்ளே வையுங்கள். மாவில் முட்டையை விட்டுவிட்டு, அதற்கு ஈடாகச் சிறிது பாலைக் கூட்டிக் குழையுங்கள். மேலே பால் பூசினால் போதும்.

நூறு பணிஸுக்கு இருநூறு ரூபாய்

இனி அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். வலிகாமத்தில் ஒரு கிராமம். கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். வெங்காயம் நடவும் பிடுங்கவும் கூலிக்குப் போவார். பயிற்சிக்கு வந்தவர்களில் அவருடைய கைதான் மிக நேர்த்தி. நான் போன அன்று, முதல் பெரிய ஓடரைக் கொடுத்து முடித்திருந்தார். மச்சாளின் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள்; நூறு பணிஸ்.

“எல்லாரும் நல்லாயிருக்கெண்டு சொன்னவை, பிள்ளை. இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்கினம்” என்றார். எனக்கும் சந்தோசம். “எவ்வளவு மிஞ்சினது அக்கா?” என்று கேட்டேன். “மிஞ்சினதோ? காசு கைக்கு வந்தது, செலவுக்குப் போட்டுது” என்றார்.

மூத்த மகளின் பழைய பள்ளிக் கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கணக்கு எழுதினோம். ஒன்று 70 ரூபாய் வீதம் 7,000 ரூபாய் வந்திருந்தது. சொசேஜுக்கு மட்டும் பாதிக்கு மேல் போயிருந்தது. மா, மாஜரின், முட்டை, பால்மா, ஈஸ்ட், எரிவாயு, மின்சாரம், பெட்டி, கடதாசி, கொண்டுபோய்க் கொடுத்த ஓட்டோக் காசு எல்லாம் கூட்டினால் 6,800. மிச்சம் 200 ரூபாய்.

எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்றும் எழுதினோம். முதல்நாள் பின்னேரம் சொசேஜ் வெட்டி வதக்க இரண்டு மணித்தியாலம். மறுநாள் விடிய மூன்று மணிக்கு எழும்பிப் பத்து மணிவரை. அவருடைய சிறிய அவணில் ஒரு முறைக்குப் பன்னிரண்டுதான் வைக்கலாம். நூறைச் சுட ஒன்பது முறை. மொத்தம் ஒன்பது மணித்தியால வேலைக்கு 200 ரூபாய். அவர் அந்தக் கொப்பித்தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அண்டைக்கு வெங்காயத்துக்குப் போயிருக்கலாம்” என்றார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பெண்களின் ஊதியமற்ற உழைப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அதே நான்தான் ஒரு சுயதொழில் பயிற்சியில் மாவுக்கும் ஈஸ்டுக்கும் அளவு சொல்லிக்கொடுத்து, கூலிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன். வீட்டில் சமைக்கிற வேலைக்குக் காசு இல்லை என்று பழகியதால், சமைத்து விற்கிற வேலைக்கும் காசு எழுத எங்களுக்குக் கை வருவதில்லை.

“சொந்தக்காரரிட்டை என்னெண்டு கூடக் கேக்கிறது?”

விலையைக் கூட்டுங்கள் என்றேன். அவர் தயங்கினார். “சொந்தக்காரரிட்டை என்னெண்டு பிள்ளை கூடக் கேக்கிறது? அவையள் என்ன நினைப்பினம்?” இந்தக் கேள்வியை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் முதல் வாடிக்கையாளர் சொந்தக்காரர்தான். அவர்களிடம் காசு வாங்குவதே கூச்சம். கூடக் கேட்பது பெரிய பாவம்போல இருக்கும்.

ஆனாலும் கணக்கைத் தொடர்ந்து எழுதினோம். கூலிக்கு என்ன எழுதுவது? வெங்காயம் பிடுங்கப் போனால் அவருக்குக் கிடைக்கும் நாட்கூலி 1,500 ரூபாயை எழுதச் சொன்னார். ஆண்களுக்குக் கொடுப்பதிலும் குறைந்த கூலிதான் அது. அதையாவது எழுதுவோம் என்று எழுதினோம். ஒரு பணிஸுக்கு 15 ரூபாய். உடைந்தது, கருகியது, அவண் தேய்மானம் என்று 7 ரூபாய். பொருட்செலவு 68. மொத்தம் 90 ரூபாய்.

அடுத்த ஓடருக்கு 90 ரூபாய் சொன்னார். கேட்ட இரண்டு பேருமே வரவில்லை. மூன்று கிழமை ஒன்றுமில்லை. ஒருநாள் தொலைபேசியில், “உங்கடை கணக்கால இருந்த ஓடரும் போட்டுது, பிள்ளை” என்றார். அன்று எனக்கு நித்திரை வரவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நான், அன்றாடம் உழைக்கிறவருக்குச் சொன்ன புத்தி சரிதானா என்று யோசித்தேன்.

மறுபடி அவரிடம் போய்க் கொப்பியைத் திறந்தோம். வழியை அவரே கண்டுபிடித்தார். செலவில் பாதிக்கு மேல் சொசேஜ்தானே? சொசேஜ் பணிஸ் 90 ரூபாய். சோயா, உருளைக்கிழங்கு வைத்த பணிஸ் 60 ரூபாய். இரண்டிலும் தன் கூலி 15 ரூபாயை அவர் தொடவில்லை. ‘கூடவோ’ என்று கேட்கிறவர்களுக்கு ‘குறையவும் இருக்கு’ என்று சொல்ல முடிந்தது. கூச்சமும் குறைந்தது. பக்கத்து முன்பள்ளி ஒன்றில் பெற்றோர் ஒன்றுகூடலுக்கு 60 பணிஸ் கேட்டார்கள். பிறகு ஒரு திருமணப் பதிவுக்கு இரண்டு வகையிலும் ஓடர் வந்தது. மச்சாள் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருக்கிறாராம். மாதத்தில் மூன்று, நான்கு ஓடர் வருகிறது. வெங்காய வேலைக்கும் போகிறார். பெரிய முன்னேற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த ஓடரிலும் இப்போது தன் கூலி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே சகோதரிகளே, விலையைக் குறைக்க வேண்டுமென்றால் சொசேஜைக் குறையுங்கள், பெட்டியின் அலங்காரத்தைக் குறையுங்கள். உங்கள் கூலியைக் குறைக்காதீர்கள்.

தொழிலாகச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு கொப்பி வையுங்கள். வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையையும் அன்றே எழுதுங்கள். விலைகள் எப்படித் தாவும் என்பதை 2022இல் கண்டோம். 2021 ஒக்ரோபருக்கு முன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயளவில் இருந்த பெரிய எரிவாயுச் சிலிண்டர், 2022இல் ஐயாயிரத்தை நெருங்கியது. போன மாதக் கணக்கை வைத்து இந்த மாத ஓடருக்கு விலை சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான்.

ஓடர் எடுக்கும்போதே பாதிக் காசை முற்பணமாக வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும், “சாமான் வாங்க வேணும்” என்று சொல்லிக் கேட்பதில் பிழையில்லை.

கடன்பட்டு அவண் வாங்க அவசரப்படாதீர்கள். எங்கள் பயிற்சிக்கு வந்த இன்னொருவர் வாரக் கடனில் பெரிய அவண் வாங்கினார். ஓடர் வாராவாரம் வரவில்லை; கடன்காரர் மட்டும் வாராவாரம் வந்தார். நான்கு மாதத்தில் அவணை விற்றார். நுண்கடன் எங்கள் பெண்களை எப்படி நெருக்கியது என்பது நாடறிந்த கதை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மணல் பாத்திரத்தில் தொடங்குங்கள். வருமானத்தில் அவண் வாங்குங்கள்.

வீட்டில் செய்து விற்பதானாலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கதையுங்கள். அவர் வந்து பிடிப்பதற்கு முன் நீங்கள் போய்க் கேட்பது நல்லது.

இறைச்சிப் பண்டம் எங்கள் வெக்கைக்கு விரைவில் பழுதாகும். செய்த பணிஸை வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். 32 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும் நாளில் ஒரு மணித்தியாலந்தான். நீண்ட மின்வெட்டில் இளகிப்போன சொசேஜை மறுபடி உறையவைத்துப் பாவிக்காதீர்கள். பொதியிலுள்ள விபரத்தை வாசித்து, எந்த இறைச்சி என்பதை விருந்து வைப்பவருக்குச் சொல்லுங்கள். ஹலால் தேவைப்படும் விருந்தினரும் இருப்பார்கள், மாட்டிறைச்சி தொடாதவரும் இருப்பார்கள்.

நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வட்டமாக வெட்டிய சொசேஜைக் கொடுக்கவே கூடாது. அந்த வட்டம் தொண்டையை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு சிறிதாக வெட்டிக் கொடுங்கள். முதலாவது, இரண்டாவது பிறந்தநாள்களில்தான் இந்தப் பண்டம் அதிகம் வைக்கப்படுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ருசியென்று நாள்தோறும் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் வைப்பதும் நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சிகளைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. ஒவ்வொரு நாளும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதம் கூடும் என்றும் சொன்னது. கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம் சாப்பிட்டால் போதும்.

கடைசியாக

இந்த மாதம் வீட்டில் ஒரு பிறந்தநாள் வந்தால் செய்து பாருங்கள். வீட்டுக்குச் செய்கிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டி வைத்து மாக்கயிறு உருட்டவிடுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் ருசி குறையாது. வேறொரு சகோதரியிடம் ஓடர் கொடுக்கிறவர்கள், அவர் விலை சொல்லும்போது “கடையில குறையவாமே” என்று உடனே சொல்லாதீர்கள். விடிய மூன்று மணிக்கு அவருடைய குசினியில் வெளிச்சம் எரிந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தொழிலாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் மா, சொசேஜ், மாஜரின் என்று எழுதுவதற்கு முன்னர் ‘என் கூலி’ என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றவற்றை அதற்குக் கீழே எழுதலாம். எங்கள் பயிற்சியிலும் இப்போது முதல் மணித்தியாலம் கொப்பிக்குத்தான். மா பிசைவது அதற்குப் பிறகுதான்.